மன்னிப்புக்குக் கறுப்பு, நன்றிக்கு மஞ்சள்

சேலத்துப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் 'தனிநபர் பிராண்ட் மேலாண்மை' என்று புதிதாக ஒரு படிப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். விளையாட்டுக்காரர்களின் பெயரை இணையத்தில் எப்படி வளர்ப்பது, நாறிப்போனால் எப்படிக் கழுவுவது என்று சொல்லிக்கொடுப்பார்களாம். துறைத்தலைவி என் வீட்டுக்கே வந்துவிட்டார். "மேடம், இந்த ஏரியாவுல இந்த வேலைய மொதல்ல பாத்தவங்க நீங்கதான். மாணவர் மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை குடுங்க. பசங்களுக்கு ஊக்கமா இருக்கணும், பாசிட்டிவா முடியணும்" என்றார். கையில் ஒரு பழத்தட்டு வேறு. தட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஊக்கம் வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. நடந்ததை எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் பழம் எனக்கு லாபம்.

என் பெயர் சாந்தாமணி. பள்ளிக்கூடம் முடித்தேன், தட்டச்சு படித்தேன், நாமக்கல்லில் ஒரு பிளெக்ஸ் கடையில் எழுத்து அடிக்கச் சேர்ந்தேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். காதுகுத்து, கிடா விருந்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊர் வீதிகளுக்குப் போயின. பங்காளிச் சண்டையில் ஒரே பெரியவருக்கு இரண்டு கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் மூத்த மகன் பெயர் கிடையாது. மற்றதில் மூத்த மகன் பெயர் மட்டும்தான் இருக்கும். செத்தவர் இரண்டிலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கடை முதலாளி தன்னை 'எம்.டி.' என்று கூப்பிடச் சொல்வார். கடையில் இருந்தது நான்கு பேரும் ஒரு பிரிண்டரும். ரோட்டில் பிளெக்ஸ் வைக்கக் கெடுபிடி அதிகமானதும் மனிதர் சோர்ந்து போகவில்லை. கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, 'பிராண்ட் ஆலோசனை நிறுவனம்' என்று பலகை மாட்டிவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, நாளையில இருந்து நீங்க மேல உக்காந்துக்கங்க" என்றார். "எனக்கு இன்டர்நெட் எல்லாம் தெரியாதுங்களே" என்றேன். "இன்டர்நெட்டுன்னா என்னுங்க? ஆரும் கழட்ட முடியாத பிளெக்ஸு. அவ்வளவுதானுங்க" என்றார். இன்றைக்குக் கல்லூரிக்காரர்கள் ஒரு வருஷம் நடத்துகிற பாடத்தை அவர் எனக்குப் படிக்கட்டில் நின்றபடியே முடித்துவிட்டார்.

பிளெக்ஸ் சட்டம் எல்லாவற்றையும் அவர் மாடிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். தலை அளவுதான் மரியாதை. பெரிய மனிதர் தலை பெரிதாக இருக்க வேண்டும், விளையாடி ஜெயித்தவர் தலை அதற்கு ஒரு சுற்று குறைவாக, பயிற்சியாளர் தலை எலுமிச்சம்பழ அளவுக்கு. பல் வெள்ளையாக இருக்க வேண்டும். தாய் தகப்பன் படம் போட்டால் கண்ணில் தண்ணீர் இருக்க வேண்டும். நிறத்துக்கும் சட்டம் உண்டு. வெற்றிக்குச் சிவப்பு, நன்றிக்கு மஞ்சள், மன்னிப்புக்குக் கறுப்பு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, படம் கிடையாது. "மூஞ்சிய வெச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டா அந்த மூஞ்சி ஞாபகத்துல நின்னுரும் பாருங்க" என்பார்.

அவர் யாரையும் வாடா போடா என்றதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நாளில் "அம்மிணி" என்பவர், தப்பு நடந்துவிட்டால் "ஏனுங்க சாந்தாமணிங்க, இதை ஆருங்க போட்டதுங்க, எதுக்குங்க போட்டீங்க" என்று ஆரம்பிப்பார். கெட்ட வார்த்தையால் திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

எங்களிடம் வந்த முதல் பெரிய ஆள் பூங்கொடி. குண்டு எறிகிறவள். பரமத்தி வேலூரைத் தாண்டி ஆற்றோரம் ஒரு ஊர். அப்பா மாரப்பன் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்ப்பவர். கொடிக்கால் யாருடையது என்றால், ஊரில் 'பெரிய தோட்டத்துக்காரர்' என்று சொல்லப்படுபவருடையது. அவர் நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியில் பங்குதாரரும்கூட. கம்பெனிக்கு விளம்பரத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பெண் மாநில அளவில் ஜெயிக்க ஆரம்பித்ததும், "நம்ம பண்ணையத்துப் புள்ளைங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் கம்பெனி பொறுப்பு. அவள் பேரில் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துவது எங்கள் பொறுப்பு. முட்டை தின்பது அவள் பொறுப்பு.

முதல் விளம்பரப் படத்தை என்னால் மறக்க முடியாது. குண்டு எறிகிறவர்கள் அந்த இரும்புக் குண்டைத் தாடைக்குக் கீழே கழுத்தோடு அழுத்தி வைத்துக்கொண்டுதான் எறிவார்கள். குண்டுக்குப் பதிலாக முட்டை இருந்தால் எப்படி என்பது எம்.டி.யின் கற்பனை. பூங்கொடி முட்டையைக் கழுத்தில் வைத்தாள். கை பழக்கம், அழுத்திவிட்டாள். மஞ்சள் கரு சட்டைக்குள் இறங்கியது. இன்னொரு முட்டை கொடுத்தார்கள். அதுவும் போயிற்று. "அவிச்ச முட்டைய வெச்சுக்கலாமுங்களே" என்றேன். "அவிச்சா பளபளப்பு வராதுங்க அம்மிணி" என்றார் எம்.டி. அட்டை அட்டையாக முட்டை உடைந்தது. பக்கத்து லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பூங்கொடி கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க சார், கோழியவே வெச்சுக்கட்டுங்களா? அதுன்னா ஒடையாது" என்றாள். எம்.டி. அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதுதான் கொடுமை. பிறகு தெர்மாகோல் உருண்டைக்கு வெள்ளை அடித்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் முட்டை லாரிகளின் பின்னால் ஒட்டப்பட்டு வடநாடு வரைக்கும் போய் வந்தது.

தின்று தின்று அவளுக்கு முட்டை வாசனையே ஆகாமல் போய்விட்டது. ஆனால் அவள் பக்கத்தில் நான் தினமும் காலையில் 'என் முட்டை, என் பலம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். புரட்டாசி வந்தால் இன்னும் வேடிக்கை. அவள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, முட்டையும் சேர்த்துத்தான். ஊரெல்லாம் அப்படித்தான் என்பதால் கம்பெனிக்கு விற்பனை படுக்கிற மாதமும் அதுதான், விளம்பரம் அதிகம் கேட்கிற மாதமும் அதுதான். எம்.டி. ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை பெருமாள், மற்ற நாள் முட்டை. நான் முந்தின நாளே எல்லாவற்றையும் நேரம் குறித்துப் போட்டு வைப்பேன். ஒரு சனிக்கிழமை பெருமாள் படத்துக்குக் கீழே 'தினமும் இரண்டு சாப்பிட்டுப் பாருங்கள்' என்று வந்துவிட்டது. படம் ஒருவர் ஏற்ற, வாசகம் ஒருவர் ஏற்ற என்று எம்.டி. வேலையைப் பிரித்துக் கொடுத்ததன் பலன் அது. பக்கத்தில் சனம் வந்து கிழித்தது. எம்.டி. என்னை மஞ்சள் போடச் சொன்னார். 'சுட்டிக்காட்டிய உறவுகளுக்கு நெஞ்சார்ந்த நன்றி.' அவ்வளவுதான், அடங்கிவிட்டார்கள். மனுசருக்கு ஆளைத் தெரியும், அதைச் சொல்லியாக வேண்டும்.

போட்டிக்கு முன்பே நான்கு பதிவு எழுதித் தயாராக வைப்போம். தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று, வெண்கலத்துக்கு ஒன்று, ஒன்றும் இல்லாததற்கு ஒன்று. அதிகம் பயன்பட்டது கடைசியில் உள்ளதுதான். அதில் நான் கை தேர்ந்தவள். 'இது தோல்வியல்ல, என்னைச் செதுக்கும் உளி' என்று ஒரு தடவை போட்டேன். பூங்கொடி மைதானத்திலிருந்து போன் போட்டாள். "அக்கா, உளியும் இல்ல, சுத்தியலும் இல்ல. காலு கட்டையத் தாண்டிருச்சு, பவுல் குடுத்துட்டாங்க. அதை அப்படியே எழுத மாட்டீங்களா?" என்றாள். எம்.டி.யிடம் கேட்டேன். "உண்மைய ஆரு ஷேர் பண்ணுவாங்க?" என்றார்.

பிறகு கருத்துகளைச் சலிக்கிற வேலை. காலையில் உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் அதுதான். ஒரு கூட்டம் அவள் தோளையும் தொடையையும் பார்த்து 'ஆம்பளையா' என்று கேட்கும். ஒரு கூட்டம் கல்யாணம் கட்டிக்கொள்கிறேன் என்று வரும். சில சமயம் முதலாவது கூட்டத்து ஆளே இரண்டாவதிலும் வருவான். மூன்றாவது கூட்டம்தான் பெரியது. பெயரைத் தேடினால் போதும், தேடல் பெட்டியே மீதியை முடித்துக் கொடுக்கும்: 'பூங்கொடி என்ன ஜாதி'. அவள் எவ்வளவு தூரம் எறிந்தாள் என்று தேடியவன் ஒருவனும் கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி வரைக்கும் இந்த ஒரு கேள்வியில் என்ன ஒற்றுமை! எல்லாருக்கும் ஒரு இதயப் படம் போட்டுவிட்டு நகரச் சொல்லுவார் எம்.டி. சாதி கேட்டவனுக்கு இதயம் அனுப்பிய பாவத்தை நான் எங்கே போய்க் கழுவுவது?

அப்படியிருக்கையில்தான் வெளிநாட்டில் நடந்த ஒரு போட்டியில் அவள் வெள்ளி வாங்கினாள். நாங்கள் வெள்ளிப் பதிவைத் தூசி தட்டி எடுத்துப் போட்டோம். ஊரில் பாராட்டு விழா. தலைமை பெரிய தோட்டத்துக்காரர். மேடைக்கு இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, முன்னால் தாரை தப்பட்டை, வழி நெடுக அவர் தலை பெரிதாகவும் பூங்கொடி தலை அதற்கு ஒரு சுற்று சின்னதாகவும் பிளெக்ஸ். எல்லாம் கீழ்க்கடையில் அடித்ததுதான். எம்.டி. என்னிடம் போனைக் கொடுத்து, "மொத்தத்தையும் லைவா போட்டுருங்க அம்மிணி. அவங்க அப்பா அம்மா கண்ணுல தண்ணி வாரப்ப மட்டும் கிட்டத்துல போயிருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தோட்டத்துக்காரர் பேசினார். நல்லாவே பேசினார். "இது நம்ம பண்ணையத்துப் புள்ள. இவங்கப்பன் மாரன் நம்ம கொடிக்கால்லயே பொறந்து வளந்தவன். நம்ம ஊட்டு உப்பத் தின்ன ஒடம்பு, அதான் இத்தன பலம்" என்றார். கைதட்டல். அப்பனைப் பற்றிப் பேச்சு வந்ததும் நான் சட்டப்படி போனை அப்பன் பக்கம் திருப்பினேன், கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க. மாரப்பன் மேடைக்குக் கீழே, படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் வளைத்து, கையைக் கட்டி நின்றார். தோட்டத்துக்காரருக்கோ, மாரப்பனுக்கு மகனாக இருக்கக்கூடிய வயதுதான்.

மைக்கை பூங்கொடியிடம் கொடுத்தார்கள். நான் எழுதிக் கொடுத்த நன்றி உரை அவள் கையில் இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. கீழே பார்த்தாள்.

"அப்பா, மேல வாங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

"துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு மேல வாங்கப்பா. எல்லாரும் பாத்துட்டு இருக்கறாங்க. நானும் சின்னதுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

தப்பட்டைக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். மாரப்பன் முதலில் தோட்டத்துக்காரரைப் பார்த்தார். அவர் கேமராவுக்காகச் சிரித்த சிரிப்பை மாற்றவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மாரப்பன் மகளைப் பார்த்தார். துண்டை உருவினார், உதறினார், தோளில் போட்டார், படியேறினார். பூங்கொடி எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அந்த நேரம் பார்த்து "ஏனுங்க சாந்தாமணிங்க, என்னுங்க பண்றீங்க" என்று எம்.டி. போன் போட்டதில் லைவ் அறுந்தது. அதற்குள் போக வேண்டியது போய்விட்டது.

மறுநாள் பொழுது விடிவதற்குள் அந்தத் துண்டு உலகம் சுற்றிவிட்டது. யார் யாரோ வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுடைய எல்லாத் தங்கப் பதிவையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம். போடச் சொன்னது எங்கள் எம்.டி., பிடித்தது நான், வந்தது நாங்கள் நடத்திய அவள் பக்கத்திலேயே. வெளியாள் மேல் பழி போடவும் வழியில்லை.

பூங்கொடி அன்றைக்கே பயிற்சி முகாமுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே போனதும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பஸ்ஸிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, என்ற பக்கத்துப் பாஸ்வேர்ட மாத்திட்டேன். கோவிச்சுக்காதீங்க. நான் முகாம் முடிஞ்சு வந்ததும் நீங்க என்ன வேண்ணாலும் எழுதுங்க, உளி, முட்டை, என்னத்த வேண்ணா எழுதுங்க. என்ற பேர்ல மன்னிப்பு மட்டும் வரக்கூடாது. அப்பா வாழ்க்கையில மொதத்தடவ தோள்ல போட்டிருக்கறாரு. நான் மன்னிப்புக் கேட்டா அவரு திரும்ப எடுத்துருவாரு" என்றாள். "வராது சாமி, நீ போய் நல்லா எறி" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

மத்தியானம் தோட்டத்துக்காரரே ஆபீசுக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. எம்.டி. கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார். "நான் அவனை எப்பவாச்சும் துண்ட எடுன்னு சொல்லியிருக்கறனுங்களா? நீங்களே சொல்லுங்க. அவனா எடுக்கறான். பழக்கம். எங்கப்பாரு காலத்துல இருந்து அப்படி. அதுக்கு நான் என்னுங்க பண்றது? ஊரு உலகமெல்லாம் என்னையவல்லோ காறித் துப்புது" என்றார். நிஜமாகவே மனசு புண்பட்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனுசன் ஆயுசு முழுக்க முதுகு வளைத்து நின்றிருக்கிறான், புண்பட்டது இவருக்காம்!

அவர் கேட்டது எளிது. வீடியோ போக வேண்டும், பூங்கொடி பேரில் மன்னிப்பு வர வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். அவள் சாப்பாடு, பயிற்சி, அடுத்த போட்டிக்குப் போகிற செலவு எல்லாம் நின்றுபோகும். மாரப்பனுக்கும் கொடிக்காலில் வேலை இருக்காது.

எம்.டி. உற்சாகமாகிவிட்டார். பல காலமாகக் கறுப்புக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்காமல் இருந்தது அவருக்கு. என்னை உட்காரவைத்து அவரே வாசகம் சொன்னார்: 'அன்பு உறவுகளே, வெற்றி மகிழ்ச்சியில் நான் சொன்ன சொல் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.' அவருடைய மன்னிப்பில் எப்போதும் ஒரு 'இருந்தால்' இருக்கும், அதற்குத்தான் வாடிக்கையாளர்கள் தேடி வந்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்து, "இதையும் சேத்துக்கங்க அம்மிணி" என்றார். 'என் தந்தைக்கு வியர்வை அதிகம் என்பதால் துண்டை அக்குளில் வைப்பது அவர் வழக்கம். வேறு பொருள் கொள்ள வேண்டாம்.'

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தோட்டத்துக்காரர் சந்தோஷமாக, "அட, இது நல்லாருக்குதுங்களே! எனக்கே தோணல பாருங்க" என்றார்.

"அந்தப் புள்ள இது வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கறாளுங்க" என்றேன்.

"அது சின்னப் புள்ளைங்க சாந்தாமணிங்க. அடிங்க" என்றார் எம்.டி. மூன்று 'ங்க' வந்துவிட்டது. அடித்தேன். அடித்தால் மட்டும் போதுமா, ஏற்ற வேண்டுமே. பாஸ்வேர்ட் எங்களிடம் இல்லை. மறந்துவிட்டது என்று அமுக்கினால், பக்கத்தோடு பதிந்திருக்கும் போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் திறக்கும். அது யார் போன்? பக்கம் ஆரம்பித்தபோது பூங்கொடி பள்ளிக்கூடப் பிள்ளை, அவளிடம் போன் கிடையாது. எம்.டி. அவள் அப்பாவின் பட்டன் போன் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். மாற்றலாம் மாற்றலாம் என்று இருந்து யாரும் மாற்றவில்லை. எங்கள் வட்டாரத்தில் எந்த வீரர் பக்கத்தைத் திறந்தாலும் அப்பன் போனோ மாமன் போனோதான் பதிந்திருக்கும். உலக அளவில் பெயரெடுத்த பெண்ணின் பக்கத்துச் சாவி, கொடிக்காலில் அகத்தி மரத்தில் மாட்டியிருக்கும் தூக்குப்பைக்குள் கிடந்தது.

எம்.டி. அமுக்கச் சொன்னார், அமுக்கினேன். மாரப்பனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார், வைத்தேன். "பக்கத்துல ஏதோ கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க" என்று காதருகே சொன்னார்.

"மாரப்பண்ணா, சாந்தாமணி பேசறேன். உங்க போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்குதுங்களா?"

"வந்துருக்குதுங்கம்மா. ஏணி மேல நிக்கறனுங்க. செத்த இருங்க, எறங்கிக் கண்ணாடியப் போட்டுச் சொல்றேன்."

எம்.டி. தோட்டத்துக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, எதுக்குன்னு கேட்டுக்கிட்டுச் சொல்லுங்க" என்றேன். "நீங்க துண்டத் தோள்ல போட்டதுக்குப் பாப்பா மன்னிப்புக் கேக்கற மாதிரி எழுதியிருக்கறோம். அதைப் போடறதுக்குத்தான் இந்த நம்பரு."

எம்.டி. முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு மேல் மாரப்பன் கேட்டார்.

"பாப்பா என்னுங்கம்மா சொல்லுச்சு?"

"வேண்டாம்னுட்டுத்தான் போனா."

தோட்டத்துக்காரர் எழுந்து வந்து போனுக்கு மேல் குனிந்தார். "மாரா, நாந்தான். நம்பரச் சொல்லு."

"சாமி... கும்புடறனுங்க."

"கும்புட்டதெல்லாம் போதும். நம்பரச் சொல்றா."

"வந்துருக்குதுங்க" என்றார் மாரப்பன். குரலில் ஒரு துளி வேகம் இல்லை. "சொல்றதுக்கு இல்லீங்க."

மாரப்பன் போனை வைத்துவிட்டார். எம்.டி. உடனே, "அந்தப் பக்கம் டவர் கெடைக்காதுங்க" என்றார். "எனக்கு நல்லாக் கேட்டுது" என்றார் தோட்டத்துக்காரர். எம்.டி. விடவில்லை. மறுபடியும் அமுக்குங்க என்றார், அமுக்கினேன். மறுபடியும், மறுபடியும். நாங்கள் இங்கே அமுக்க அமுக்க அங்கே அகத்தி மரத்தில் அந்தப் போன் கூவிக்கொண்டிருந்திருக்கும். கடைசியில் தோட்டத்துக்காரர், "நாளையில இருந்து அவன் வர வேண்டாம்" என்றார். "அதுக்கும் வேண்ணா நல்லபடியா ஒண்ணு எழுதிப் போட்டுரலாமுங்க" என்றார் எம்.டி. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பின்னால் என்ன ஆயிற்று என்று பசங்கள் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். முட்டைக் கம்பெனி விலகிக்கொண்டது. ஒரு பருவம் முழுக்கப் பூங்கொடி கைக்காசுக்கு அல்லாடி, ஒரு போட்டிக்குப் போக முடியாமல் அழுதாள். அதை நான் நேரில் பார்த்தேன், உளி கிளி என்று எழுதவில்லை. பிறகு குமாரபாளையம் பக்கம் ஒரு துணிக்காரர் அவளைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். மாரப்பன் இப்போது வேறொருவர் கொடிக்காலில் வேலை பார்க்கிறார். எம்.டி. எங்கே பேசக் கூப்பிட்டாலும் அந்தத் துண்டு வீடியோவைப் போட்டுக் காட்டி, "இது நம்ம நிறுவனம் திட்டமிட்டுப் பண்ணுன வேலைங்க" என்கிறார். உங்கள் கல்லூரிக்கும் வருவார். கைதட்டுங்கள், மனுசர் ஆசைப்படுவார்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்காரர் கிளம்புவதற்காக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. மாரப்பன். எம்.டி. முகத்தில் ஒரே வெளிச்சம். "பாத்தீங்களா, யோசிச்சிருப்பானுங்க" என்று அவரே பாய்ந்து ஸ்பீக்கரைப் போட்டார். தோட்டத்துக்காரர் கதவருகிலேயே நின்றார்.

"ஏனுங்கம்மா, இந்த நம்பரு நிக்காம வந்துட்டே இருக்குதுங்க. ஒவ்வொருக்காலும் பாப்பாதான் கூப்படறாளோன்னு ஏணிய விட்டு எறங்கி எறங்கிக் கண்ணாடியப் போட்டுப் பாக்கறனுங்க. அனுப்பறதை நிறுத்தச் சொல்லுங்க."

"சரிங்கண்ணா, நிறுத்தச் சொல்றேன்."

"அவரு இன்னும் அங்கதான் இருக்கறாருங்களா?"

'சாமி' என்று சொல்லவில்லை. "இருக்கறாருங்க, கேட்டுட்டுத்தான் இருக்கறாரு" என்றேன்.

"நல்லதுங்க. அப்பக் குனிஞ்சுட்டுப் பேசிட்டேன், பழக்கம். இப்ப நிமுந்துதான் நிக்கறேன், துண்டு தோள்லதான் கெடக்குதுன்னு சொல்லிருங்க."